கம்பம் ஏறாத மலை ஊருக்கு மின்சாரம்: இந்த வேலையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி மலையிலுள்ள பைக்காராவில் 1932-ல் எடுக்கத் தொடங்கிய மின்சாரம் மலையை விட்டு இறங்கிக் கோயம்புத்தூர் மில்களுக்குப் போனது. அதே நீலகிரியில் எத்தனையோ பழங்குடி ஊர்கள் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தன. 2018 ஏப்ரல் 28-ல் மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் ஊருக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் வந்து, பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, 100 வீட்டுக்கு 10 வீட்டில் இணைப்பு இருந்தாலே அது மின்வசதி பெற்ற கிராமம். அடிவாரத்தில் விளக்கு எரிந்தால் போதும். மேலே நடந்துதான் போக முடியும் என்கிற 30 வீடுகள் அந்தக் கணக்கில் தெரியாமலே போய்விடும்.

இந்தக் கட்டுரை அந்த 30 வீடுகளுக்காக. பதி, குடி, செட்டில்மென்ட் என்று அந்தந்த மலையில் என்ன பெயரோ, அப்படி ஓர் ஊருக்கு மின்சாரம் கொண்டுபோக நினைக்கும் இளம் பொறியாளர், ஆசிரியர், தொண்டு அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர், எல்லாருக்கும் மேலாக அந்த ஊரிலேயே பிறந்து ஐ.டி.ஐ. படித்த தம்பி தங்கைகள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் போன மலை ஊரில் எட்டு சோலார் தெருவிளக்குகள் நின்றன. ஒன்றுகூட எரியவில்லை. நான்காம் வருடமே பேட்டரி செத்துவிட்டதாம். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, மாற்றக் காசும் இல்லை. ஒரு பேனலைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டிருந்தார்கள். “வெளக்கு குடுத்தாங்க சார், ஆளு குடுக்கல” என்றார் ஊர் மூப்பர். அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் ஐந்தாம் வருடம் இது எரியுமா என்பதுதான் என் முதல் கேள்வி. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்காகத்தான்.

படி 1: ராத்திரி தங்குங்கள்

பகலில் போய்ப் படம் எடுத்துவிட்டு மாலை ஜீப் பிடித்து இறங்குவது ஆய்வு ஆகாது. இரண்டு இரவாவது ஊரில் தங்குங்கள். எத்தனை மணிக்கு அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், தண்ணீர் எடுக்கிற வழியில் எங்கே பாம்புக்குப் பயப்படுகிறார்கள், யானை எந்தப் பக்கமாக வரும், போன் சார்ஜ் போட எவ்வளவு தூரம் இறங்குகிறார்கள், இதெல்லாம் ராத்திரியில்தான் தெரியும். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டமாகக் கேட்டால் ஆண்கள் டிவி என்பார்கள். சமையல் இடத்திலும் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் விளக்கு வேண்டும் என்பது பெரும்பாலும் பெண்கள் வாயிலிருந்துதான் வரும்.

வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை பேர், எத்தனை அறை, கூரை ஓடா, ஓலையா, தகரமா, பக்கத்து வீடு எத்தனை அடி தள்ளி. ஊரின் வரைபடம் ஒன்றைக் கையாலேயே போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பின்னால் பத்து முறை கைகொடுக்கும்.

படி 2: இ.பி. லைனைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்

சோலார் போடுவதாகவே முடிவு செய்திருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். காரணத்தைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன்.

மின்சாரச் சட்டம் 2003-ன் 43-வது பிரிவுப்படி, கேட்டு விண்ணப்பித்த வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது பகிர்மான நிறுவனத்தின் கடமை. லைன் நீட்ட வேண்டிய குக்கிராமம் என்றால் ஒழுங்குமுறை ஆணையம் கால அவகாசம் நீட்டிக் கொடுக்கலாம், கடமை கடமைதான். ஆகவே வாய்ப்பேச்சாக இல்லாமல், மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

“அது ரிசர்வ் ஃபாரஸ்ட், கம்பம் நட முடியாது” என்ற பதில் வரலாம். அங்கேதான் பல பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006-ன் 3(2) பிரிவைப் படியுங்கள். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை என்று அதில் 13 வசதிகள் உண்டு. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஒரு வரியிலேயே இருக்கின்றன. மரபுசாரா எரிசக்தி தனியாக இன்னொரு வரியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், இவைதான் நிபந்தனைகள். கிராம சபையில் பாதிப்பேராவது இருக்கவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். இந்த எண்ணிக்கை குறைந்து தீர்மானம் செல்லாமல் போனால் ஊருக்கு ஒரு வருடம் வீணாகும். அதனால் தேன் எடுக்கவோ மிளகு பறிக்கவோ ஊரே காட்டுக்குள் போயிருக்கும் நாளில் சபையைக் கூட்டாதீர்கள்.

காட்டு வழியே லைன் போனால் வனத்துறை காப்புறை போட்ட கேபிளோ மண்ணுக்கடியில் புதைக்கும் கேபிளோ கேட்கலாம். தொய்ந்த கம்பியில் பட்டு யானைகள் சாவது உண்மையிலேயே நடக்கிறது. அதை எதிர்த்து வாதாடாமல் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருப்பவர்கள். 2023 நவம்பரில் தொடங்கிய, மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில் இந்தப் பட்டியலில் உள்ள, கம்பி போக முடியாத வீடுகளுக்கு 0.3 கிலோவாட் சோலார் அமைப்பு கொடுக்க இடம் உண்டு. ஊர் அதில் சேருமா என்று மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலரிடம் கேட்டுவிட்டு மேற்கொண்டு போங்கள்.

படி 3: எவ்வளவு வேண்டும் என்று எண்ணுங்கள்

இப்போது நோட்டைத் திறந்து கணக்குப் போடலாம். 5 வாட் எல்.இ.டி. மூன்று, 5 மணி நேரம்: 75 வாட்-மணி. இரண்டு போன்: 20. 30 வாட் சின்ன டிவி 3 மணி நேரம்: 90. ஆக ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 185 வாட்-மணி. 30 வீட்டுக்கு 5.55 யூனிட் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). 12 வாட் தெருவிளக்கு எட்டு, 11 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். அங்கன்வாடிக்கு 0.4. எல்லாம் சேர்ந்து நாளைக்கு 7 யூனிட்.

மின்விசிறி உயரமான மலையில் தேவைப்படாது. அடிவாரத்து ஊர் என்றால் கேட்பார்கள். அப்போது 75 வாட் சாதா விசிறியைச் சேர்க்காதீர்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 8 மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி, சாதா விசிறிக்கு 600. விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசைப் பேனலிலும் பேட்டரியிலும் மிச்சம் பிடித்துவிடலாம்.

படி 4: ஓடை இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லாரும் சோலார் என்றே தொடங்குகிறார்கள். வருடம் முழுக்க ஓடும் ஓடை ஊருக்கு மேலே இருந்தால் அதை அளந்து பார்க்காமல் விடக்கூடாது.

அளப்பது எளிது. ஒரு குழாய் வழியாக நீரைத் திருப்பி 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 4 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். நீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் வைக்கும் இடத்துக்கும் எவ்வளவு இறக்கம் என்பதைக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் படிப்படியாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி, அதை 5-ஆல் பெருக்கினால் கிடைக்கும் வாட் ஏறத்தாழத் தெரிந்துவிடும். விநாடிக்கு 5 லிட்டர், 30 மீட்டர் இறக்கம் என்றால் 750 வாட். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அது ராத்திரியும் பகலும் ஓடும், ஒரு நாளைக்கு 18 யூனிட்! நமக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாலையில் 30 வீடும் சேர்ந்து இழுக்கும் உச்ச நேரத்துக்குத்தான் ஒரு சின்ன பேட்டரி தேவைப்படும்.

அளப்பது பங்குனி, சித்திரையில் இருக்கட்டும். ஐப்பசியில் அளந்தால் எந்த ஓடையும் ஆறு மாதிரிதான் தெரியும். ஊர்ப் பெரியவர்களிடம் “இது எப்பவாவது வத்தியிருக்கா?” என்று கேளுங்கள், அவர்கள் சொல்லும் வருடங்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஓடையில் முழு நீரையும் எடுக்கக் கூடாது. கீழே மீனுக்கும் விலங்குக்கும் இன்னோர் ஊருக்கும் அது வேண்டும்.

நீர் இல்லை, அல்லது கோடையில் வற்றுகிறது என்றால், சரி, சூரியனுக்கே போவோம்.

படி 5: வீட்டுக்கு வீடா, ஊருக்கு ஒன்றா?

வீடுகள் சரிவெல்லாம் சிதறிக் கிடந்தால் வீட்டுக்கொரு பேனல், ஒரு பேட்டரி என்று போடுங்கள். ஒன்று கெட்டால் ஒரு வீடுதான் இருட்டாகும். வீடுகள் நெருக்கமாக இருந்தால் ஒரே இடத்தில் பேனல்களை வைத்துக் கம்பி இழுக்கும் சிறு கட்டமைப்பு நல்லது. டிவி, தெருவிளக்கு, பொது மிக்சி எல்லாம் அதில்தான் சரியாக ஓடும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக அடுத்த வீட்டுக்குக் கம்பி இழுத்துவிடுவார்கள். 50 வாட் என்றால் 12 வோல்டில் 4.2 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 100 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போய் வருவதற்குள் 6 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். விளக்கு மினுக்கும், பழி பல்பின் மேல் விழும். அதே 50 வாட்டை 230 வோல்டில் அனுப்பினால் இழப்பு அரை வோல்ட்கூட வராது. 12 வோல்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் வழியே 230 வோல்ட்.

படி 6: பேனலும் பேட்டரியும்

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்பது எல்லாரும் போடும் கணக்கு. மலைக்கு அது பொருந்தாது. மூடுபனியும் மழையும் நிற்கும் மாதங்களில் 2.5 யூனிட் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். நமக்கு வேண்டியது 7 யூனிட். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் கால் பங்கு போய்விடும் என்பதால் 9.3 யூனிட் உண்டாக்க வேண்டும். சராசரிக் கணக்கில் 2.3 கிலோவாட் போதும் என்று வரும். மூடுபனிக் கணக்கில் 3.7. நான் 4 கிலோவாட் என்றே எழுதுவேன். மழை மாதத்தில் ஒரு வாரம் இருட்டில் உட்கார்ந்த ஊர் அப்புறம் மாதாமாதம் காசு கொடுக்காது.

பேட்டரிக்கு வருவோம். பெரும்பாலான மின்சாரம் இருட்டிய பிறகுதான் செலவாகிறது, நாளைக்கு ஏறத்தாழ 6 யூனிட். வெயில் இல்லாத இரண்டு நாள் தாங்க 12 யூனிட் வேண்டும். ஈய-அமில டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் 24 யூனிட் கொள்ளளவு வாங்கவேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகளை 48 வோல்டுக்கு நான்கு நான்காகச் சேர்த்தால் 16 பேட்டரி வரும். ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல் எடை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை அதைவிட அதிகமாகக் காலி செய்யலாம் என்பதால் 15 யூனிட் போதும், அதாவது 51 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பெட்டி மூன்று. ஜீப் போகும் ஊரில் ஈய-அமிலம் பரவாயில்லை. கீழே டவுனில் எந்தப் பேட்டரிக் கடையிலும் பார்த்துச் சொல்வார்கள். நடந்து ஏறும் ஊருக்கு என் பதில் லித்தியம்தான். முதலில் காசு கூட. ஆனால் டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம், நன்றாக வைத்துக்கொண்டால் டியூபுலரைப் போல இரண்டு மடங்கு காலம் உழைக்கும், முக்கியமாக 16 பேட்டரியைத் தோளில் காவடி கட்டி ஏற்ற வேண்டியதில்லை.

இதே காரணத்துக்காக 540 வாட் பெரிய பேனல்களையும் யோசித்து வாங்குங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், 25 கிலோவுக்கு மேல் எடை. ஒற்றையடிப் பாதையில் காற்றடிக்கும் நேரத்தில் இதைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்புவது ஆபத்து. சிறிய பேனல்கள் வாட்டுக்கு விலை கூடினாலும் ஆள் பத்திரமாக வந்து சேர்வார்.

படி 7: வைக்கும் இடம்

தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு. மழை தூசியைக் கழுவ இந்தச் சாய்வு போதும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் நீளும். சித்திரையில் வெயில் விழுந்த இடத்தில் மார்கழியில் மரநிழல் விழலாம். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதின் உற்பத்தியும் குறையும். யானைத்தடத்தில் வைக்காதீர்கள், எது தடம் என்று ஊர்க்காரர் காட்டுவார்.

மலை உச்சியில் இடி இறங்கும். எர்த் குழிகளைத் தனித்தனியாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இடிதாங்கிக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று என்று பிரித்து, பிறகு இரண்டையும் கீழே இணைத்துவிடுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாக எடுக்காது. மீட்டரால் அளக்காமல் மூடாதீர்கள்.

வீட்டு வயரிங்கில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.-யை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓலைக்கூரை, ஈரச்சுவர், வெறுங்கால். ஒரு ஷாக் போதும் ஊரே வேண்டாம் என்று சொல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் 1 ஆம்பியர் எம்.சி.பி. வையுங்கள், 230 வாட்டைத் தாண்டி நிறைய இழுத்தால் விழுந்துவிடும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு எதுவும் இதில் ஓடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, ஓட்டியும் காட்டிவிடுங்கள். மிக்சிக்குப் பொது அறை ஒன்று. வெயில் நன்றாக இருக்கும் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் அரைத்துக்கொள்ளலாம், பேட்டரிக்குச் சுமையே இல்லை.

படி 8: ஆளும் காசும்

மூப்பர் சொன்ன “ஆளு” இங்கேதான் வருகிறார். ஊரிலிருந்தே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், ஒருவராவது பெண். இளைஞர்கள் வேலைக்குக் கீழே இறங்கிவிடுவார்கள், பெரும்பாலும் ஊரில் இருப்பது பெண்கள். கம்பம் நடும் நாளிலிருந்தே அவர்கள் கூட நிற்கட்டும், முறுக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் அவர்கள் கை படட்டும். தினமும் காலை மாலை பேட்டரி வோல்டேஜையும் அன்றைய யூனிட்டையும் நோட்டில் எழுதப் பழக்குங்கள். பேட்டரி சாகப்போவதை அந்த நோட்டு மாதக்கணக்கில் முன்னாடியே சொல்லிவிடும். உதிரி ஃபியூஸ், எம்.சி.பி., பல்பு, பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர், மல்டிமீட்டர், ரப்பர் கையுறை ஒரு பெட்டியில் ஊரிலேயே இருக்கட்டும். இருவருக்கும் மாதச் சம்பளம் கொடுங்கள். சேவை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கினால் ஆறு மாதத்தில் நின்றுபோகும்.

காசுக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் சாக்பீஸால் எழுதிக் காட்டுங்கள். பேட்டரி மாற்ற மூன்று லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் சேர வேண்டுமென்றால் மாதம் 5,000, வீட்டுக்கு 167 ரூபாய். இது பேட்டரிக்கு மட்டும், சம்பளம் தனி. மகளிர் குழுவின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. விளைச்சல் மாதத்தில் மொத்தமாகக் கட்டுகிறேன் என்பவரை விடுங்கள். மிளகும் காபியும் மாதாமாதம் காசு தராது.

இப்போது படி 2-ல் பாக்கி வைத்ததைச் சொல்கிறேன். அந்த வீடு நாளைக்கு 185 வாட்-மணி செலவழிக்கிறது. இரண்டு மாதத்துக்கு 11 யூனிட். அதற்கு அவர்கள் பேட்டரி நிதியாக மட்டும் 334 ரூபாய் வைக்கவேண்டியிருக்கிறது. கீழே இ.பி. இணைப்பு உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். தமிழ்நாட்டில் மிகவும் காசில்லாத மக்கள்தான் வெளிச்சத்துக்கு மிக அதிக விலை கொடுக்கிறார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அதனால்தான் சொல்கிறேன்: பேட்டரி மாற்றும் செலவுக்கு ஊராட்சி நிதி, பழங்குடியினர் நல நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் எழுத்தில் கேளுங்கள். மக்கள் கட்டும் தொகை சம்பளத்துக்கும் சிறு பழுதுக்கும் மட்டும் இருந்தால் அது அவர்களால் தாங்கக்கூடியது. சோலார் வந்துவிட்டது என்பதற்காக லைன் கேட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதீர்கள். “உங்களுக்குத்தான் கரண்ட் இருக்கே” என்ற பதில் வந்தால் இந்த 11 யூனிட் கணக்கைக் காட்டுங்கள்.

அரசு அறிவித்த கிராமப்புறப் பகுதியில் மின்சாரம் உண்டாக்கி விநியோகிக்கத் தனி உரிமம் வேண்டாம் என்று அதே 2003 சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. பாதுகாப்பு விதிகள் மட்டும் கட்டாயம் பொருந்தும்.

படி 9: முதல் வருடம்

சுவிட்ச் போட்ட நாளோடு இறங்கிவிடாதீர்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, முதல் மழைக்காலத்தில் கட்டாயம் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கனெக்டரில் ஈரம், எலி கடித்த வயர், பேனல் மேல் பாசி, தளர்ந்த போல்ட், யாரோ எம்.சி.பி.-யைத் தாண்டிப் போட்ட நேர்க்கம்பி, இவைதான் பெரும்பாலும் இருக்கும். நேர்க்கம்பி போட்டவரைத் திட்டாமல் என்ன ஓட்டப் பார்த்தார் என்று கேளுங்கள். ஊருக்கு இன்னும் என்ன தேவை என்பது அதில் தெரியும்.

கடைசியில் ஒருநாள் இ.பி. கம்பி வரும். அப்போது இந்த அமைப்பைக் கழற்றிக் கீழே கொண்டுவர வேண்டாம். மழையில் மரம் விழுந்து லைன் போனால் சரிசெய்ய ஆள் ஏறி வர நாள் கணக்கில் ஆகும். தெருவிளக்கு, அங்கன்வாடி, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, போன் சார்ஜ் ஆகியவற்றைச் சோலாரிலேயே விட்டுவிட்டு வீடுகளை மட்டும் லைனுக்கு மாற்றுங்கள். இரண்டும் தவறிக்கூட ஒன்றோடொன்று சேராதபடி நடுவில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வையுங்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனின் உயிர் அந்தச் சுவிட்சில் இருக்கிறது.